500-க்குள் 652: குட்டி ஃபியட்டில் பெரிய எஞ்சின்

பொலோன்யாவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “1970-ஆம் வருட ஃபியட் 500 எல் வாங்கியிருக்கிறேன். தனியாகப் போனால் நன்றாகத்தான் ஓடுகிறது. மனைவியையும் பையனையும் ஏற்றிக்கொண்டு சான் லூகா மேட்டில் ஏறினால் இரண்டாவது கியரிலேயே முனகுகிறது; பின்னால் வரிசை கட்டி ஹாரன் அடிக்கிறார்கள். பெரிய எஞ்சின் போடலாமா? 126 எஞ்சினா, பைக் எஞ்சினா? எவ்வளவு வேலை இருக்கும்?”

போடலாம் தம்பி. 126-இன், அதாவது 500-க்குப் பிறகு வந்த குட்டி ஃபியட்டின், 652 சி.சி. எஞ்சினைப் போடுங்கள். பைக் எஞ்சின் பக்கம் போகாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பழைய எஞ்சினை இறக்கிப் புதியதை ஏற்றுவது ஒரு சனிக்கிழமை வேலை. ஆனால் அந்த எஞ்சினின் சூடும் இழுவையும் எங்கெல்லாம் போய்த் தொடுமோ அங்கெல்லாம் கை வைக்க வேண்டும். அதற்கு ஒரு குளிர்காலம் முழுசாகப் போகும். நான் டுரினில் வேலை பார்த்த வருடங்களில் என் 500 எஃப்-இல் இதைச் செய்தேன். அப்புறம் நண்பர்கள் இருவரின் வண்டியிலும் கூட நின்று செய்தேன். மூன்றிலும் எஞ்சின் முதல் நாளே ஓடியது. மூன்றிலும் தலைவலி எஞ்சினுக்கு வெளியேதான் இருந்தது.

முதலில் இந்த எஞ்சின்களின் வம்சாவளி. 1957-இல் ஃபியட் பொறியாளர் தாந்தே ஜியாகோசா வடிவமைத்த 500 வெளிவந்தபோது அதில் இருந்தது காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர் எஞ்சின், 479 சி.சி., 13 குதிரைத்திறன். போர் (bore, சிலிண்டர் துளையின் அகலம்) 66 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 70 மி.மீ. அடுத்து வந்த 500 டி-யில் போரை 67.4 ஆக்கி 499.5 சி.சி. ஆக்கினார்கள். உங்கள் 500 எல்-இல் இருப்பது அதே அளவுதான், 18 குதிரைத்திறன். 1972-இல் ஃபியட் 126 வந்தபோது போர் 73.5 ஆகி 594 சி.சி. ஆனது. 1977-இல் 77 மி.மீ. ஆகி 652 சி.சி. ஆனது. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அத்தனை எஞ்சினிலும் ஸ்ட்ரோக் அதே 70 மி.மீ.தான். ஃபியட்காரர்கள் இருபது வருடம் ஒரே எஞ்சினின் வயிற்றை மட்டும் அகலமாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். அதனால்தான் 126-இன் எஞ்சின் 500-இன் கியர்பாக்ஸில் போய் போல்ட்டுக்கு போல்ட் உட்காருகிறது. ஃபியட்டே கடைசியாக விற்ற 500 ஆர்-இல் 594 சி.சி. எஞ்சினைத்தான் சற்று அடக்கி 18 குதிரைத்திறனோடு போட்டது. ஆக, நீங்கள் செய்ய நினைப்பது ஒன்றும் அக்கிரமம் இல்லை. தொழிற்சாலையே பாதி வழி போய்க் காட்டியிருக்கிறது.

652-க்கு 24 குதிரைத்திறன். 18-க்கும் 24-க்கும் ஆறுதானே வித்தியாசம் என்று தோன்றும். மேட்டில் அது என்ன செய்யும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வண்டி 530 கிலோ, நீங்கள் மூவரும் சேர்ந்து 140 கிலோ என்று வையுங்கள், ஆக 670. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் இதை இழுக்க, ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 660 நியூட்டன் விசை வேண்டும். டயர் உருள்வதற்கு நூறு, காற்றைக் கிழிக்க 50 கி.மீ. வேகத்தில் எழுபது. மொத்தம் 830 சொச்சம். 50 கி.மீ. வேகத்தில் அதைத் தொடர்ந்து கொடுக்கச் சக்கரத்தில் பதினைந்தரை குதிரைத்திறன் தேவை. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போவதற்குள் பத்துப் பன்னிரண்டு சதவீதம் உராய்விலேயே போய்விடும். 18-இல் மிஞ்சுவது கிட்டத்தட்ட அதே பதினைந்தரை! அதாவது உங்கள் வண்டி அந்த மேட்டில் 50-இல் போக வேண்டுமென்றால் எஞ்சின் தன் உச்ச சுற்றில், முழு ஆக்சிலரேட்டரில், புத்தம் புதிதாக இருந்தாக வேண்டும். ஐம்பது வருட எஞ்சின் எப்படி இருக்கும்? அதே மேட்டில் 24 இருந்தால் 65 வரை போகலாம். பின்னால் வருபவர் ஹாரனில் கை வைக்க மாட்டார்.

அதைவிட முக்கியம், அந்த 24 கொஞ்சம் தாழ்ந்த சுற்றிலேயே கிடைக்கிறது. கொள்ளளவு முப்பது சதவீதம் கூடுகிறது, கீழ்ச்சுற்றில் இழுவையும் ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது. ஓட்டும்போது உணர்வது இதைத்தான். மூன்றாவது கியரை விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

சரி, மற்ற வழிகள். 500-இன் சொந்த எஞ்சினையே பெரிதாக்கலாம். இதில் சிலிண்டர்கள் தனித்தனி வார்ப்பிரும்புக் குழாய்கள். எஞ்சினின் அடிக்கூடான அலுமினியக் கிராங்க்கேஸின் மேல் நிற்கின்றன. 70 மி.மீ. பிஸ்டன் போட்டு 540 சி.சி. ஆக்கும் கிட் உண்டு. செலவு குறைவு, எஞ்சின் எண்ணும் மாறாது, ஆனால் மேட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. இன்னும் பெரிய சிலிண்டர் உட்கார வேண்டுமென்றால் கிராங்க்கேஸின் வாயை லேத்துப் பட்டறையில் கடைந்து அகலமாக்க வேண்டும். நல்ல பட்டறைக்காரர் கிடைத்தால் செய்யலாம்தான். ஆனால் ஒரு தடவை கடைந்துவிட்டால் உங்கள் அசல் கிராங்க்கேஸ் போய்விடும், திரும்ப வராது. முழு 126 எஞ்சின் அதைவிட மலிவாகக் கிடைக்கும்போது இது எதற்கு?

1980-இல் வந்த ஃபியட் பாண்டா 30-இலும் இதே 652 எஞ்சின்தான், 30 குதிரைத்திறனோடு. அது முன்பக்கம் எஞ்சின் வைத்த வண்டி. அதன் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மூடும் மேல்பகுதியில், இரண்டு சிலிண்டருக்கும் பெட்ரோலும் காற்றும் நுழையத் தனித்தனி உள்வழி இருக்கும். 500-இலும் 126-இலும் ஒரே வழிதான். அதனால் பந்தயப் பைத்தியங்கள் பாண்டா ஹெட்டைத் தேடி அலைவார்கள். ஆனால் அதற்கேற்ற கார்புரேட்டர், மேனிஃபோல்ட், தகர உறைகள் எல்லாம் தேட வேண்டும். குடும்பத்தோடு கோயிலுக்கோ கடைக்கோ போகிற வண்டிக்கு வேண்டியதில்லை. 1987-இல் வந்த 126 பிஸ்-இன் 704 சி.சி. எஞ்சின் இன்னும் பெரியதுதான். ஆனால் அது தண்ணீரால் குளிர்வது, பக்கவாட்டில் படுத்துக் கிடப்பது. ரேடியேட்டரை எங்கே வைப்பீர்கள்? விட்டுவிடுங்கள்.

பைக் எஞ்சின். இணையத்தில் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், சத்தமே ஆளை மயக்கும். ஆயிரம் சி.சி. பைக் எஞ்சின் நூற்றைம்பது குதிரைத்திறன் தரும், எடையும் அதிகமில்லை. ஆனால் அதன் கிளட்ச் இருநூறு கிலோ பைக்கை நகர்த்தச் செய்தது. எழுநூறு கிலோ வண்டியை மேட்டில் நிறுத்தி எடுக்கச் செய்ததல்ல. ரிவர்ஸ் கியர் கிடையாது, அதற்குத் தனி ஏற்பாடு. செயின் அல்லது தனி டிஃபரன்ஷியல். பின்பக்கத் தகட்டை வெட்டி ஃபிரேம் கட்ட வேண்டும். அதன் சக்தி மேல்சுற்றில்தான் முழுசாக வரும், மேட்டுக்கு வேண்டியதோ கீழ்ச்சுற்று இழுவை. இதையெல்லாம் செய்து முடித்தால் கையில் இருப்பது 500-இன் சட்டை போட்ட வேறொரு வண்டி. அதைக் கட்டுபவர்களின் கைத்திறனுக்குக் கும்பிடு. உங்கள் பிரச்சினைக்கு அது மருந்தில்லை.

இப்போது 652-ஐத் தேடுங்கள். கிடைப்பது கஷ்டமில்லை. 126 இத்தாலியில் நின்ற பிறகும் போலந்தில் 2000 வரை தயாரானது. அங்கே அதற்கு ‘மாலுஃக்’ என்று செல்லப்பெயர், குட்டிப்பயல் என்பது போல. பத்து லட்சக்கணக்கில் ஓடியதால் பிஸ்டன் முதல் வாஷர் வரை இன்றும் உதிரிகள் வருகின்றன. ஆனால் விற்பவர் வாயை நம்பாதீர்கள். நான் முதலில் வாங்கியது ‘652, கியாரண்டி’ என்று சொல்லிக் கொடுத்த எஞ்சின். வீட்டுக்குக் கொண்டுவந்து ஹெட்டைக் கழற்றி வெர்னியரை வைத்தால் 73.5 மி.மீ. 594! வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். கிராங்க்கேஸில் அடித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள்: 126 ஏ.000 என்றால் 594, 126 ஏ1.000 என்றால் 652. அதுவும் போதாது, ஏனென்றால் சிலிண்டரை மட்டும் மாற்றிய எஞ்சின்களும் உண்டு. விற்பவர் அனுமதித்தால் ஹெட்டைக் கழற்றி அளந்துவிடுங்கள். அனுமதிக்காவிட்டால் விலையைக் குறையுங்கள்.

வாங்கிய எஞ்சினை அப்படியே ஏற்றாதீர்கள். எப்படியும் பிரிக்க வேண்டும். இந்த எஞ்சினின் கிராங்குக்கு, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுக்கு, இரண்டே மெயின் பேரிங்குகள்தான், முன்னொன்று பின்னொன்று. நடுவில் தாங்க எதுவும் இல்லை. இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குபவை. அந்த ‘தட் தட்’ சத்தமும் ஆட்டமும் அதனால்தான். ஆகவே பேரிங் தேய்ந்த எஞ்சினில் பெரிய பிஸ்டன் இருப்பது நல்லதல்ல. பேரிங், ஆயில் சீல், டைமிங் செயின், வால்வு உட்காரும் இடம், இவற்றைப் பார்த்துவிட்டு மூடுங்கள். கிராங்கின் முன்புல்லியைக் கழற்றிச் சுத்தம் செய்ய மறக்காதீர்கள். பலருக்குத் தெரியாது, இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் என்று தனியாக இல்லை. அந்தப் புல்லிக்குள்ளேதான் ஆயில் சுழன்று அழுக்கை ஓரத்தில் ஒதுக்குகிறது. முப்பது வருட அழுக்கு அதற்குள் களிமண் போல இறுகிக் கிடக்கும். நான் ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டி எடுத்தேன்.

ஏற்றுவது சுலபம் என்றேன். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பம்பரைக் கழற்றி, எஞ்சினைத் தாங்கும் ஸ்பிரிங் மவுண்ட் உட்கார்ந்திருக்கும் பின் குறுக்குச் சட்டத்தைக் கழற்றினால் வழி திறந்துவிடும். ஜாக்கியை அடியில் கொடுத்து, பெட்ரோல் குழாய், ஆக்சிலரேட்டர், சோக், ஹீட்டர் குழாய், ஒயர்களை எடுத்துவிட்டு, கியர்பாக்ஸோடு சேர்க்கும் போல்ட்டுகளைத் தளர்த்திப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். கம்பிகள் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பச் சேர்க்கும் முன் இரண்டு விஷயங்களை மேசையில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று, கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் உங்கள் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் ஏறுகிறதா. பிரஷர் பிளேட் ஃப்ளைவீலுக்குப் பொருந்துகிறதா. இரண்டு, ஃப்ளைவீலின் பல்லும் செல்ஃப் மோட்டாரின் பல்லும் ஒத்துப் போகின்றனவா. செல்ஃப் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் எஞ்சினை மட்டும் மாற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எல்லாம் பூட்டி முடித்து, சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்டார்ட் லிவரை இழுக்கும்போது ‘கர்ர்’ என்று அரைத்தால் அழுகைதான் வரும். கார்புரேட்டர் 126-உடையதையே, வெபர் 28-ஐயே வையுங்கள். உங்கள் 26 போட்டாலும் ஓடும், மேல்சுற்றில் மூச்சு முட்டும்.

இனி சூடு. இதில்தான் பெரும்பாலானோர் கெடுக்கிறார்கள், நானும் கெடுத்தேன். எஞ்சின் பின்னால் இருக்கிற, காற்றால் குளிர்கிற வண்டியில் முன்னாலிருந்து வரும் காற்று எஞ்சினை எட்டவே எட்டாது. டைனமோ ஷாஃப்ட்டிலேயே விசிறி. அது பின்கண்ணாடிக்குக் கீழுள்ள துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, தகர உறைக்குள் விட்டு, சிலிண்டரின் மடிப்புகளைச் சுற்றி அனுப்பி வெளியே தள்ளுகிறது. உறையில் ஒரு தெர்மோஸ்டாட் மடல் இருக்கும்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், சூடானால் திறக்கும். ஒரே பெல்ட் சார்ஜையும் குளிர்ச்சியையும் பார்த்துக்கொள்கிறது. பெல்ட் அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும். அது ‘பேட்டரி சார்ஜ் ஆகவில்லை’ என்று மட்டும் சொல்லவில்லை, ‘உடனே நிறுத்து’ என்கிறது.

இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்ய, குளிர்காற்று வரும் பக்கமும் சூடுகாற்று போகும் பக்கமும் கலக்காமல் இருக்க வேண்டும். எஞ்சினைச் சுற்றி வரும் ரப்பர் பட்டி அதற்குத்தான். என் வண்டியில் பழைய பட்டி வெடித்திருந்தது, புதியது தபாலில் வரவில்லை. ‘ஒரு வாரம்தானே’ என்று பட்டி இல்லாமலே பூட்டிவிட்டு, ஜூலை மாதத்தில் டுரினின் ஓரத்தில் உள்ள சாஸ்ஸியிலிருந்து சூப்பெர்கா மேட்டுக்கு ஏறினேன். என்ன இழுவை! பாதி வழி வரை பாட்டுப் பாடாத குறை. மேலே உள்ள பசிலிக்கா தேவாலயத்தின் முன் போய் நின்றபோது ஐடிலில் ஆயில் விளக்கு கண் சிமிட்டியது. எஞ்சின் மூடியைத் திறந்தால் பெயிண்ட் காயும் வாசனை. கீழே போன சூடுகாற்றையே விசிறி திரும்ப மேலே இழுத்துக்கொண்டிருந்தது. போதாததற்குத் தெர்மோஸ்டாட் மடல் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு மெதுவாக இறங்கினேன். இறங்கி வந்து ஹெட் கேஸ்கெட் மாற்றியதோடு தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

ஆகவே ரப்பர் பட்டி, தகர உறையின் ஒவ்வொரு திருகு, மடலின் அசைவு, விசிறி உறைக்கும் விசிறிக்கும் இடைவெளி, பெல்ட்டின் இறுக்கம், இவை அத்தனையும் சரியான பிறகே முதல் ஓட்டம். பெல்ட் இறுக்கத்தை டைனமோப் புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள வாஷர்களை எடுத்துப் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். எடுத்த வாஷரை வெளிப்பக்கம் மாட்டி வையுங்கள், தொலைந்துபோகாது. பிந்தைய 126-களில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். அப்படிப்பட்ட எஞ்சின் கிடைத்தால் அதன் விசிறி உறையையும் சேர்த்தே வாங்குங்கள், இரண்டும் கலந்து பொருந்தாது. ஒயரிங்கிலும் பழைய ரெகுலேட்டரை விலக்க வேண்டும். அடியில் மடிப்புகள் வைத்த அலுமினிய ஆயில் சம்ப் (ஆயில் தொட்டி) ஒன்றும் போட்டுவிடுங்கள். ஆயில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், சூடும் குறையும். காட்சிப் பொருள் என்று நினைத்திருந்தேன். போட்ட பிறகு ஆகஸ்ட் மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

எஞ்சின் மூடியைக் கொக்கி வைத்துப் பாதி திறந்தபடி ஓட்டுகிற அபார்த் வண்டிகளை, அதாவது பந்தயத்துக்காக முறுக்கேற்றிய ஃபியட்டுகளை, பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்காக ஆரம்பித்ததல்ல அது, சூட்டுக்காகத்தான். கார்லோ அபார்த் டுரினில் இந்தச் சின்ன எஞ்சினிலிருந்து என்னென்னவோ கறந்தார். 1958 பிப்ரவரியில் மோன்ஸா ஓடுதளத்தில் அவருடைய 500 ஏழு நாள் ராப்பகலாக ஓடி மணிக்கு 108 கி.மீ. சராசரி காட்டியது, அன்று அதில் இருந்தது 479 சி.சி.தான். 1963-இல் 595 என்ற வண்டி, அடுத்த வருடம் 695. 595-க்குப் போரை மட்டும் 73.5 ஆக்கினார். 695-க்கு ஸ்ட்ரோக்கையும் 76 ஆக்கினார், அதாவது வேறு கிராங்க். 695-இன் எஸ்எஸ் வகையில் 38 குதிரைத்திறன். ஆஸ்திரியாவின் கிராட்ஸில் ஷ்டயர்-புக் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. ஃபியட்டிடம் உடலை மட்டும் வாங்கி, தாங்களே செய்த படுக்கை எஞ்சினை, அதாவது சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சினை, பின்னால் வைத்தார்கள். அதன் 650 டி.ஆர். வண்டியில் போலந்தின் சோபியஸ்லாவ் ஸசாதா 1966-இல் ஐரோப்பிய ரேலி பட்டத்தை, தன் பிரிவில், வென்றார். 500-இன் உடல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் ஷ்டயர்-புக்காரர்கள் 500-இன் பிரேக்கையும் கியர்பாக்ஸையும் அப்படியே விட்டுவைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் கியர்பாக்ஸில் சிங்க்ரோமெஷ், அதாவது கியர் மாற்றும்போது பல் அரைக்காமல் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் ஏற்பாடு, கிடையாது. நம் ஊர் பழைய லாரி டிரைவர்கள் ஒரு கியர் மாற்ற இரண்டு தடவை கிளட்ச் மிதித்து அடிப்பார்களே டபுள் கிளட்ச், அதே வித்தைதான். 126-இன் கியர்பாக்ஸில் இரண்டு, மூன்று, நான்குக்குச் சிங்க்ரோ உண்டு; ஒன்றுக்கு மட்டும் இல்லை. கடைசிப் பல் விகிதமும் வேறு. 500-இல் 8 பல்லுக்கு 41, 126-இல் 8-க்கு 39. ஒரே சுற்றில் ஐந்து சதவீதம் கூடுதல் வேகம் என்று அர்த்தம். பழைய எஞ்சினுக்கு இந்தப் பெட்டியைப் போட்டால் மேட்டில் இன்னும் திணறும். 652-க்குப் போட்டால் சமவெளியில் 90-இல் போகும்போது இரைச்சல் குறைந்து காது கேட்கும். எஞ்சினோடு கியர்பாக்ஸும் ஒன்றாகக் கிடைத்தால் இரண்டையும் வாங்குங்கள் என்பது என் கருத்து. ஆக்ஸில் ஷாஃப்ட், அதன் நுனியில் சக்கரத்தோடு சேரும் இணைப்பு, ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆகியவற்றை அளந்து பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். பழைய பெட்டியையே வைத்துக்கொண்டாலும் ஓடும். டபுள் கிளட்ச் பிடித்துப்போனவர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் கியரில் திடீரென்று கிளட்சை விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிரேக்கில் சமரசம் கிடையாது. 500-இல் நான்கு பக்கமும் சிறிய டிரம், ஒரே ஆயில் சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது, ஹேண்ட்பிரேக் மட்டும்தான். மேட்டில் 65-இல் ஏறுகிற வண்டி இறக்கத்தில் அதைவிட வேகமாக இறங்கும், அதுவும் பையன் பின்சீட்டில் இருக்கும்போது. குறைந்தபட்சம் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், புது வீல் சிலிண்டர்கள், புது ரப்பர் ஹோஸ்கள். முடிந்தால் முன்னால் டிஸ்க் கிட். வாங்கும் முன் வீல் போல்ட்டுகளின் வட்டத்தைப் பாருங்கள். உங்கள் வண்டியில் 190 மி.மீ.; பிந்தைய 126-களில் 98. கலந்து வாங்கினால் முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை, ஸ்டெப்னி எதற்கும் பொருந்தாது. எஞ்சின் வேலைக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள். எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு யாருக்கும் பிரேக் வேலை பார்க்கப் பொறுமை இருப்பதில்லை. எனக்கும் இருக்கவில்லை, மனைவி திட்டிய பிறகுதான் செய்தேன்.

எடைப் பங்கீடு பற்றிக் கவலை வேண்டாம். புது எஞ்சினும் கிட்டத்தட்ட பழைய எடைதான். டயர் காற்று மட்டும் முன்னால் குறைவு, பின்னால் அதிகம் என்ற கம்பெனிக் கணக்கை மாற்றாதீர்கள். நான்கிலும் ஒரே அளவு அடித்துவிட்டு ‘வளைவில் பின்பக்கம் வீசுகிறது’ என்று எஞ்சினைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காகித வேலை. இத்தாலியில் வண்டியின் லிப்ரெத்தோவில் (பதிவுச் சான்றில்) எஞ்சின் வகையும் கொள்ளளவும் எழுதியிருக்கும். வேறு வகை எஞ்சின் ஏற்றினால் மோட்டோரிஸ்ஸாசியோனே என்ற வாகனப் பதிவு அலுவலகத்தில் காட்டி, சோதனைக்கு நிறுத்தி, பதிவில் மாற்ற வேண்டும். வெளியிலிருந்து ஒன்று போலவே இருப்பதால் ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையில் தப்பலாம். விபத்தில் ஒருவருக்கு அடிபட்டு, இன்ஷூரன்ஸ்காரர் ஆளை அனுப்பி எண்ணைப் பார்த்தால் தப்ப முடியாது. பழங்கால வண்டிச் சான்றிதழ் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் முன்பே யோசியுங்கள். வேலையைத் தொடங்கும் முன் இதற்கென்று இருக்கும் ஒரு ஏஜென்சியில் போய்க் கேட்டுவிடுங்கள். பூட்டிய பிறகு கேட்டால் பதில் பிடிக்காமல் போகலாம்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டுங்கள். முதல் ஐந்நூறில் ஆயிலை மாற்றி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கி, டேப்பட் (வால்வு) இடைவெளியைப் பாருங்கள். 500-க்கான இடைவெளி அல்ல, 126-க்கான இடைவெளி. சான் லூகாவுக்கு முதலில் தனியாகப் போய்விட்டு வாருங்கள், காலையில், வெயில் ஏறும் முன்.

கழற்றிய பழைய எஞ்சினை மட்டும் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். உங்கள் வண்டியின் காகிதத்தில் இருப்பது அதன் வகை. என்றைக்காவது வண்டியை அசலாக்க நினைத்தால், அல்லது வாங்க வருபவர் கேட்டால், அதுதான் விலை. பிளக் துளைகள் வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, கார்புரேட்டர் வாயில் துணி அடைத்து, ஒரு மரப்பெட்டியில் நிற்கவையுங்கள். மாதம் ஒருமுறை புல்லியைக் கையால் அரைச் சுற்று திருப்புங்கள். என்னுடையது இன்னும் டுரினில் நண்பர் வீட்டு நிலவறையில், ஒயின் பாட்டில்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அவர்தான் மாதாமாதம் திருப்புகிறார். அதற்கு வாடகையாக வருடத்துக்கு இரண்டு கிலோ காபித் தூள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.